சங்கைக் காதில் வைத்தால்

கேள்வி:

நான் தூத்துக்குடி துறைமுகத்தில் கன்டெய்னர் யார்டில் டேலி கிளார்க்காக இருக்கிறேன். வயசு 51. மாதத்தில் பாதி நாள் நைட் ஷிஃப்ட்தான். என் மகன் கோயம்புத்தூரில் படிக்கிறான். பொங்கலுக்கு வந்தபோது என் போனில் ஒரு ஆல்பத்தை ஏற்றிக் கொடுத்தான். பிரையன் ஈனோ என்ற இங்கிலாந்துக்காரர் செய்தது, விமான நிலையங்களுக்கான இசை என்று பெயர். "ஷிஃப்ட் முடிஞ்சு வந்து இதக் கேளுங்கப்பா, மண்டச் சூடு தணியும்" என்றான்.

இயர்போன் மாட்டிக் கேட்டேன். பாட்டு இல்லை, தாளம் இல்லை. பியானோவில் நாலு சுரம் வருகிறது, போகிறது, மறுபடி வருகிறது. எங்கே ஆரம்பம், எங்கே முடிவு என்று பிடிபடவில்லை. நான் இளையராஜா கேட்டு வளர்ந்தவன். கோவில் பாடகர் குழுவில் பதினைந்து வருஷம் பாடியிருக்கிறேன். ஆனாலும் பத்து நிமிஷத்தில் தூங்கிவிட்டேன். மூன்று நாள் கேட்டேன், மூன்று நாளும் தூக்கம்தான். நாலாவது நாள் கேட்காமல் இருந்தபோது என்னவோ குறைந்ததுபோல இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

இது இசைதானா? எப்படிக் கேட்க வேண்டும்? கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவது தப்பா? இன்னொன்றும் கேட்க வேண்டும். என் தாத்தா சங்கு குளிக்கப் போனவர். அவருக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. "கடலுக்கடியில சத்தமே இருக்காதுன்னு நெனைக்காதலே. எண்ணெச் சட்டியில வடகம் பொரியுத மாதிரி எப்பவும் ஒரு சத்தம் கேட்டுக்கிட்டே கெடக்கும்" என்பார். இந்த இசையைக் கேட்கும்போதெல்லாம் அவர் சொன்னது நினைவுக்கு வருகிறது. ஏன் என்று தெரியவில்லை.

- ஒரு வாசகர், திரேஸ்புரம், தூத்துக்குடி

பதில்:

அன்புள்ள அண்ணாச்சிக்கு வணக்கம். எனக்கும் கோவில்பட்டிப் பக்கம்தான் ஊர். அந்த உரிமையில் இப்படிக் கூப்பிடுகிறேன். ஒலிப்பதிவுத் தொழிலில் முப்பது வருஷம் ஆகிறது. எனக்கு வரும் கடிதங்களில் எந்த ஸ்பீக்கர் வாங்கலாம், எந்த ஹெட்போன் நல்லது என்ற கேள்விகள்தான் அதிகம். ஒரு இசையைக் கேட்டபோது தனக்குள் என்ன நடந்தது என்று எழுதுகிறவர்கள் குறைவு. உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன்.

கடைசியில் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற மூன்றுக்கும் விடை அதற்குள்ளேயே இருக்கிறது.

தாத்தா சொன்னது அப்படியே உண்மை. மன்னார் வளைகுடாவில் பவளப்பாறை இருக்கும் இடமெல்லாம் ஒரு வகைச் சிறிய இறால் வாழ்கிறது. விரல் நீளம்கூட இருக்காது. ஒரு கொடுக்கு மட்டும் உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெருத்திருக்கும். அந்தக் கொடுக்கைப் படீரென்று மூடும்போது தண்ணீர் பீய்ச்சியடித்து, ஒரு நுண்ணிய குமிழி உண்டாகி உடையும். அந்தக் குமிழி உடைகிற சத்தம்தான் அது. ஒரு இறால் போட்டால் ஒரு சொடுக்கு. பாறை முழுக்க ஆயிரக்கணக்கில் இருக்கும்போது வடகம் பொரிகிற சத்தம்தான் கேட்கும். இரண்டாம் உலகப்போரின்போது நீர்மூழ்கிக் கப்பல்களைக் காதால் தேடிய கடற்படைகளுக்கு இந்த இரைச்சல் பெரிய தொல்லையாக இருந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று விஞ்ஞானிகளை வைத்து ஆராய்ந்துதான் இறாலைக் கண்டுபிடித்தார்கள். உங்கள் ஊருக்கு எதிரே கிடக்கும் வான் தீவு, காசுவாரித் தீவுப் பக்கம் முங்கிய ஆட்களுக்கோ அது அன்றாடம் கேட்ட சத்தம்.

இன்னொன்றையும் தாத்தா உணர்ந்திருப்பார், சொல்லியிருக்க மாட்டார். காற்றில் ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். கடல்நீரில் சுமார் 1500 மீட்டர். கரையில் ஒரு சத்தம் வலப்பக்கம் இருந்து வந்தால் வலது காதில் ஒரு கணம் முந்தியும் இடது காதில் பிந்தியும் விழும். அந்த இடைவெளியை வைத்துத்தான் திசை தெரிகிறது. தண்ணீருக்குள் அந்த இடைவெளி நாலில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுவதால் மூளைக்குத் திசை பிடிபடுவதில்லை. சத்தம் எல்லாப் பக்கமும் இருப்பதுபோல, மண்டைக்குள்ளேயே இருப்பதுபோலத் தோன்றும். முன்னால் ஒரு மேடையும் அதில் ஒரு பாடகரும் எதிரே நாமும் என்ற ஏற்பாடு அங்கே கிடையாது. சத்தத்துக்கு நடுவில் நாம் இருப்போம். உங்கள் மகன் கொடுத்த இசையும் கேட்பவரை அப்படித்தான் நடுவில் உட்கார்த்தி வைக்கிறது. தாத்தா நினைவுக்கு வந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

இந்த வகை இசைக்கு ஆம்பியன்ட் என்று பெயர். தமிழில் சூழிசை என்று சொல்லிப் பார்க்கிறேன், எனக்கு அது பிடித்திருக்கிறது. ஈனோ இதற்கு வந்து சேர்ந்த கதையைச் சொல்ல வேண்டும். 1975 ஆரம்பத்தில் லண்டனில் ஒரு டாக்சி மோதி, எழுந்து நடக்க முடியாமல் படுக்கையில் கிடந்தார். பார்க்க வந்த தோழி பழைய யாழிசைத் தட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். அவர் போன பிறகு ஈனோ தட்டுத்தடுமாறி எழுந்து தட்டைப் போட்டுவிட்டுப் படுத்தபோதுதான் சத்தம் மிகக் குறைவாக இருப்பது தெரிந்தது. மறுபடி எழுந்து கூட்டத் தெம்பில்லை. வெளியே மழை. மழைச் சத்தத்துக்கு மேலே யாழின் பலத்த சுரங்கள் மட்டும் அங்கங்கே தலை காட்டின, மற்றவை மழைக்குள் போய்விட்டன. வேறு வழியில்லாமல் அப்படியே கேட்டுக்கொண்டு கிடந்தபோது, இசை அறையின் மற்ற சத்தங்களோடு சேர்ந்து ஒன்றாகிவிடலாம் என்பது அவருக்குப் புரிந்தது. நீங்கள் கேட்ட ஆல்பம் 1978இல் செய்தது. கவனித்தால் கவனிக்கும்படி, விட்டுவிட்டால் பின்னால் கிடக்கும்படி இரண்டுக்கும் இடம் கொடுக்கும் இசை வேண்டும் என்று அதில் எழுதி வைத்தார்.

அது எப்படிக் கட்டப்பட்டது என்பதை உங்கள் யார்டை வைத்தே சொல்லிவிடலாம். மீனும் இறாலும் ஏற்றிய ரீஃபர் கன்டெய்னர்கள் வரிசையாகப் பிளக் போட்டு நிற்குமே, நினைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றின் கம்ப்ரசரும் தன் கணக்கில் ஓடும், நிற்கும். இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சில நேரம் நாலு சேர்ந்து ஓடும், சில நேரம் எல்லாம் ஓய்ந்து திடீரென்று யார்டே அமைதியாகும். அந்த ஆல்பத்தின் இரண்டாவது பகுதியில் குரல்கள் வருமே, அது இதேதான். ஒவ்வொரு குரலும் ஒரே ஒரு சுரத்தை நீட்டிப் பாடியதை டேப்பில் பதிந்து, டேப்பின் இரு முனையையும் ஒட்டி வளையமாக்கி ஓடவிட்டார். ஒரு வளையம் இருபத்து மூன்றரை விநாடிக்கு ஒருமுறை வரும். இன்னொன்று இருபத்தாறு விநாடிக்குச் சற்றுக் குறைவு. மற்றொன்று முப்பதுக்குச் சற்றுக் குறைவு. எண்கள் வகுபடாததால் அவை சந்திக்கும் விதம் திரும்ப வருவதில்லை. எது எப்போது எதோடு சேரும் என்பதை இசையமைப்பாளர் எழுதவில்லை. எந்தச் சுரங்கள், எவ்வளவு நீளம் என்பதோடு தன் வேலையை நிறுத்திக்கொண்டார். ஆரம்பமும் முடிவும் பிடிபடவில்லை என்றீர்கள். உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. அதில் நடுப்பகுதி மட்டும்தான் இருக்கிறது.

சங்குக்கு வருகிறேன். உங்கள் குடும்பத்துக்குத் தெரியாத சங்கில்லை, ஆனாலும் இதைச் சொல்லியாக வேண்டும். சங்கைக் காதில் வைத்தால் கடல் கேட்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். உள்ளே கடல் இல்லை. நம்மைச் சுற்றியிருக்கும் காற்றில் எப்போதும் ஒரு மெல்லிய இரைச்சல் இருக்கிறது: தெருவில் போகும் வண்டி, மின்விசிறி, பக்கத்து வீட்டுப் பேச்சு. அதில் சங்கின் உட்குடைவுக்குப் பொருந்தும் சுருதிகளை மட்டும் அது எடுத்து வளர்த்துக் காட்டுகிறது, மற்றவற்றை விட்டுவிடுகிறது. சத்தமே புகாதபடி கட்டிய ஒலிப்பதிவு அறைக்குள் சங்கைக் கொண்டுபோய் நானே வைத்துப் பார்த்திருக்கிறேன். இரைச்சல் கிட்டத்தட்ட இல்லாமலே போய்விட்டது. வெளியே வந்து தெருவில் நின்று வைத்தேன், கடல் வந்துவிட்டது. பெரிய சங்கில் ஒரு மாதிரி, சின்னதில் ஒரு மாதிரி.

நல்ல சூழிசை இந்தச் சங்கின் வேலையைத்தான் செய்கிறது. நம் காது தினமும் கழித்துத் தள்ளும் இரைச்சலுக்கு ஒரு சுருதி கொடுத்துத் திருப்பித் தருகிறது. அதனால்தான் இதை இயர்போனில் கேட்க வேண்டாம் என்கிறேன். காதை அடைத்துக்கொண்டு கேட்டால் சங்கைச் சத்தமில்லாத அறையில் வைத்த மாதிரி ஆகிவிடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஒரு சின்ன ஸ்பீக்கர் போதும். ஒலியை வைக்கும் அளவுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன்: தெருவில் ஒரு ஆட்டோ போனால் இசை அதற்குள் மறைந்து, ஆட்டோ போனபின் மறுபடி தெரிய வேண்டும். அந்த அளவுக்குக் கீழே வையுங்கள்.

இது இசைதானா என்று கேட்டிருந்தீர்கள். ஆம், இசைதான். ஆனால் பாட்டைக் கேட்கும் காதோடு போனால் ஏமாற்றம்தான் கிடைக்கும். பாட்டில் அடுத்து என்ன என்று மனம் முன்னால் ஓடும். பல்லவி முடிந்ததும் அனுபல்லவிக்குக் காத்திருப்போம். இங்கே முன்னால் ஓட ஒன்றுமில்லை. இப்போது எது மறைந்தது என்று பின்னால் பார்த்துக் கேட்க வேண்டும். கோவிலில் எல்லாரும் சேர்ந்து கடைசி ஆமென் பாடி நிறுத்தியதும் குரல் மேலே விதானத்தில் ஓடிக் கரையுமே, பாடகர் குழுவில் இருந்தவருக்கு அதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. அந்தக் கரைதலை மட்டும் எடுத்து ஒரு ஆல்பமாக்கியவர் பாலின் ஆலிவரஸ் என்ற அமெரிக்க அம்மையார். 1988இல் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பழைய ராணுவக் கோட்டையின் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டிக்குள் அக்கார்டியனோடு இறங்கினார். ஒரு சுரம் வாசித்தால் அது ஓய 45 விநாடி ஆகும் தொட்டி அது. 'ஆழ்ந்து கேட்டல்' என்ற பொருளில் அந்த ஆல்பத்துக்குப் பெயர் வைத்தார், பிறகு அதையே ஒரு பயிற்சியாக வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொடுத்தார்.

இதெல்லாம் நம்மிடம் ஏற்கெனவே இருந்தது என்று சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். இருந்தது எது, இல்லாதது எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் சரி. நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுகிறவர் ஒரே சுரத்தை மூச்சு விடாமல் பிடித்துக்கொண்டிருப்பார். 'ஒத்து ஊதுகிறான்' என்று அதை வசைச்சொல்லாக்கிவிட்டோம், ஆனால் அந்த ஒற்றைச் சுரம் இல்லாவிட்டால் நாயனம் நிற்க இடமில்லை. தம்புராவும் அப்படித்தான். லா மான்ட் யங், டெரி ரைலி என்ற அமெரிக்க இசையமைப்பாளர்கள் 1970இல் இந்துஸ்தானிப் பாடகர் பண்டிட் பிராண்நாத்திடம் சீடர்களாகச் சேர்ந்ததில் இந்தச் சுருதிக்குப் பெரிய பங்கு உண்டு. உங்கள் மாவட்டத்திலேயே விளாத்திகுளம் சுவாமிகள் என்று அழைக்கப்பட்ட நல்லப்ப சுவாமிகள் இருந்தார். பாட்டின் சொல்லையும் தாளத்தையும் விட்டுவிட்டு ராக ஆலாபனையை மட்டுமே மணிக்கணக்கில் பாடியவர். எழுத்தாளர் கி. ராஜநாராயணன் இளம் வயதில் இசை கற்கப் போனது அவரிடம்தான். சொல்லும் தாளமும் இல்லாமல் இசை நிற்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆனால் ஆலாபனை நம்மைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகும், ஒரு பிடியிலிருந்து அடுத்த பிடிக்கு வளரும், உச்சிக்கு ஏறும். சூழிசை எங்கேயும் கூட்டிப்போவதில்லை. ஒத்துக்காரர் மட்டும் மேடையில் உட்கார்ந்து, நாயனக்காரர் வராமலே இருந்தால் எப்படியோ அப்படி. அந்தத் துணிச்சல் புதியது, அதை நம்முடையது என்று சொல்லிக்கொள்ள எனக்கு மனமில்லை.

நம் நாட்டில் அந்தத் துணிச்சலைக் காட்டியவர்கள் வேறிடத்தில் இருந்தார்கள். 1969இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு டேவிட் டியூடர் என்ற அமெரிக்க இசைக்கலைஞர் ஒரு மூக் சின்தசைசரோடு வந்து மின்னணு இசைக்கூடம் அமைத்துக் கொடுத்தார். சினிமாவில் சின்தசைசர் சாதாரணமாவதற்குப் பல வருஷம் முன்பு. அதில் கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்துர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் இசையமைத்தார்கள். கீதா சாராபாய் 1946இல் நியூயார்க்கில் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜுக்கு நம் இசையைச் சொல்லிக்கொடுத்தவர். மனத்தை அமைதிப்படுத்துவதே இசையின் வேலை என்று அவர் சொன்னது கேஜின் வாழ்க்கையையே திருப்பியது. கூடம் சில ஆண்டுகளில் ஓய்ந்தது, டேப்புகள் நிறுவனத்தின் அலமாரியிலேயே கிடந்தன. பால் பர்கஸ் என்ற இங்கிலாந்துக் கலைஞர் அவற்றைத் தேடியெடுத்துச் சீராக்கி 2023இல் வெளியிட்டார். மகனிடம் சொல்லுங்கள், தேடிக் கொடுப்பான். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய நம் ஆட்களின் வேலை அது. சில இடங்களில் முதிர்ச்சி போதாது, ஆனால் கேட்கவேண்டியது.

இப்படிக் கேட்கக் காது பழகியிருக்கிறதா என்று உங்களுக்குச் சந்தேகம் இருந்தால், சின்ன வயதில் இலங்கை வானொலி கேட்ட ராத்திரிகளை நினைத்துப் பாருங்கள். பாட்டு தெளிவாக வந்துகொண்டே இருக்கும், பிறகு மெல்ல அமிழும், கொரகொரப்புக்குள் போகும், நாம் வரிகளை மனத்தில் பாடிக்கொண்டிருப்போம், அது மறுபடி வேறொரு இடத்தில் மேலே வரும். மத்திய அலை வானொலி உப்புத் தண்ணீர் மேல் நன்றாகப் பரவும். பகலில் கடல் வழியாக மட்டும் வரும். இருட்டிய பிறகு வானத்தில் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் அலையும் வந்து சேரும். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனால் பாட்டு எழும்பும், எதிர்த்தால் அமிழும். ரேடியோவைக் குறை சொல்லாமல் அமிழ்வதையும் எழுவதையும் பாட்டின் பகுதியாகவே கேட்டு வளர்ந்தது இந்தக் கடற்கரை. ஈனோ மழைக்குள் கேட்ட யாழை உங்கள் தெருவே கேட்டிருக்கிறது.

அந்த விமான நிலைய ஆல்பத்தை விட உங்களுக்குப் பொருத்தமான ஒன்றை நான் சொல்கிறேன். ஈனோ 1982இல் 'நிலத்தின் மீது' என்ற பொருள்படும் ஆல்பத்தைச் செய்தார். அதற்கு முன் கானா நாட்டில் தங்கியிருந்தபோது, மாலையில் வெளியே உட்கார்ந்து மைக்கை வைத்து, ஹெட்போனில் சுற்றுவட்டாரச் சத்தங்களைக் கேட்டுக்கொண்டிருப்பாராம். பதிவு செய்வதைவிடக் கேட்பதுதான் நோக்கம். ஒரு சட்டத்துக்குள் வந்துவிட்டதால் சம்பந்தமில்லாத சத்தங்கள் எல்லாம் இசையாகிவிட்டதாக எழுதியிருக்கிறார். அந்த ஆல்பத்தின் பல பகுதிகளுக்கு இடங்களின் பெயர்தான். கடைசிப் பகுதியின் பெயர் டன்விச் கடற்கரை, 1960 இலையுதிர்காலம். ஈனோ பிறந்த சஃபோக் மாவட்டத்துக் கரை அது. அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயது.

டன்விச் ஒரு காலத்தில் பெரிய துறைமுகம். 1286இல் வீசிய புயல் அதன் முதுகெலும்பை முறித்தது. அதற்குப் பிறகு கடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையைத் தின்று, தெருத்தெருவாக ஊர் தண்ணீருக்குள் போனது. கடைசிப் பழைய தேவாலயம்கூட 1904 தொடங்கி 1919 வரை பகுதி பகுதியாகச் செங்குத்துக் கரையிலிருந்து விழுந்தது. இப்போது அங்கே ஒரு சிறு கிராமம்தான். ஈனோவின் ஏழு நிமிடத்தில் இந்தக் கதை எதுவும் சொல்லப்படவில்லை. மங்கலான ஒரு சுரம் தூரத்தில் நகர்கிறது, அடியில் ஏதோ உருள்கிறது. ஆனால் கேட்டுக்கொண்டிருக்கும்போது இங்கே முன்பு ஆட்கள் இருந்தார்கள் என்ற உணர்வு வந்துவிடுகிறது. ஒலி மட்டும் வைத்து அதைச் செய்வது எவ்வளவு கடினம் என்று தொழிலில் இருப்பவனாக எனக்குத் தெரியும்.

உங்களுக்குக் கொற்கை இருக்கிறது அண்ணாச்சி. பாண்டியர் துறைமுகம். கிரேக்க மாலுமிகளின் குறிப்புகளில் கொல்கோய் என்று முத்துக்காக எழுதப்பட்ட ஊர். 1968-69இல் தொல்லியல் துறை தோண்டியபோது கிடைத்த கரியைச் சோதித்ததில் கி.மு. 785 என்று காலம் வந்தது. டன்விச்சுக்கு நேர் எதிராக, இங்கே கடல் ஊரை விட்டுப் போய்விட்டது. தாமிரபரணி வண்டலைக் கொண்டுவந்து கொட்டக் கொட்ட, கரை விலகி, துறைமுகம் பழைய காயலுக்குப் போனது. பதிமூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் மார்கோ போலோ பார்த்தது அந்தக் காயலைத்தான். அங்கும் வண்டல் சேர, பிறகு தூத்துக்குடி. கொற்கை இன்று கடலிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் உள்ளே, வாழையும் நெல்லும் விளையும் ஊர். ஒரு விடுமுறை நாள் மாலையில் அங்கே போய்க் கண்மாய்க் கரையில் அரைமணி நேரம் உட்காருங்கள். கடற்காற்று வரும், அலைச்சத்தம் வராது. பிறகு வீட்டுக்கு வந்து டன்விச் பகுதியைப் போட்டுக் கேளுங்கள். இந்த இசையை எப்படிக் கேட்பது என்று நான் பத்துப் பக்கம் எழுதினாலும் அந்த ஒரு மாலைக்கு ஈடாகாது.

யார்டிலேயே கேட்டுப் பழகவும் நிறைய இருக்கிறது. கப்பல் ஊதலுக்குச் சர்வதேச விதி உண்டு. 200 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பல் 70 முதல் 200 ஹெர்ட்ஸுக்குள் ஊத வேண்டும். 75 மீட்டருக்குக் குறைந்த கலம் 250 முதல் 700க்குள். பெரிய உடம்புக்குக் கட்டைக் குரல், சின்ன உடம்புக்குக் கீச்சுக் குரல். மூடுபனியில் கண்ணுக்குத் தெரியாமலே அளவு தெரிய வேண்டும் என்பதற்காக. அனல்மின் நிலையப் பக்கம் டிரான்ஸ்ஃபார்மர் உறுமுமே, அது 100 ஹெர்ட்ஸ். ஐந்து கட்டைச் சுருதிக்குக் கீழ் ஷட்ஜம் 98. ஆக அந்த உறுமல் ஐந்து கட்டைக்குக் கொஞ்சம் தூக்கல். ஒருநாள் அதன் மேல் மெல்ல முனகிப் பாருங்கள், பாடகர் குழுக் காது உடனே பிடித்துக்கொள்ளும். கனடாவில் நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸ் துறைமுகத்தில் 1983 முதல் கப்பல் ஊதல்களுக்கென்றே இசையெழுதி, நிற்கும் கப்பல்களையே வாசிக்க வைக்கிறார்கள். அமெரிக்காவில் இங்ரம் மார்ஷல் சான்பிரான்சிஸ்கோ வளைகுடாவின் மூடுபனி ஊதல்களைப் பதிந்து, அவற்றோடு பித்தளைக் குழல்களைச் சேர்த்து 1980களின் தொடக்கத்தில் ஒரு படைப்புச் செய்தார். துறைமுகத்து ஆளுக்கு அது முதல் கேட்பிலேயே புரியும்.

ஒரு கண்டிப்பான வார்த்தை. டியூட்டியில் இருக்கும்போது, யார்டுக்குள் நடக்கும்போது, ஒரு காதில்கூட இயர்போன் வேண்டாம். பின்னால் வரும் வண்டியின் எச்சரிக்கைச் சத்தம்தான் அங்கே உயிர். ஷிஃப்ட் முடிந்து வந்த உடனேயும் கேட்க வேண்டாம். எட்டு மணி நேர இரைச்சலில் காது மரத்துப்போயிருக்கும், தெரியாமலே ஒலியைக் கூட்டி வைப்பீர்கள். உலக சுகாதார நிறுவனம் 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரைதான் பத்திரம் என்கிறது. உங்கள் வேலையே அதைத் தின்றுவிடும். குளித்துச் சாப்பிட்டு ஒரு மணி நேரம் சும்மா இருந்துவிட்டு, பிறகு கேளுங்கள். முங்குகிறவர்களுக்குப் பத்து மீட்டர் ஆழத்தில் காதின் மேல் அழுத்தம் இரண்டு மடங்காகிறது. செவிப்பறை கிழிவதை அந்தக் காலத்தில் தொழிலோடு வந்ததாகவே எடுத்துக்கொண்டார்கள். தாத்தா ஒரு காதைக் கடலுக்குக் கொடுத்தார். நீங்கள் யார்டுக்குக் கொடுக்க வேண்டாம்.

தூங்குவதைப் பற்றி. தூங்கினால் தப்பே இல்லை. இரவு முழுக்க விழித்த உடம்பு தூங்கத்தான் செய்யும், அதற்கு இடம் கொடுக்கும் இசையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தூங்க வைப்பதற்கென்றே பத்து மணி நேரம் ஓடும்படி நெட்டில் குவிந்து கிடக்கிறதே, அதைச் சூழிசை என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலானவற்றில் கேட்டவர் காதும் இல்லை, செய்தவர் காதும் இல்லை. வாரத்தில் ஒருநாள், டியூட்டி இல்லாத மாலையில், தூக்கம் வராத நேரமாகப் பார்த்துப் பதினேழு நிமிடம், அந்த விமான நிலைய ஆல்பத்தின் முதல் பகுதியை மட்டும் உட்கார்ந்து கேளுங்கள். மற்ற நாளெல்லாம் தூங்குங்கள். நாலாவது நாள் என்னவோ குறைந்ததுபோல இருந்தது என்று எழுதினீர்களே, அந்த வரியைப் படித்தபோதே இந்த இசை உங்களுக்குள் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

கடைசியாக, பதிலுக்குப் பதிலாக நான் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஜானா விண்டரன் என்ற நார்வேக் கலைஞர் தண்ணீருக்குள் போடும் மைக்குகளை வைத்து உலகின் பல கடல்களைப் பதிந்து ஆல்பமாக்கியிருக்கிறார். நம் கரையின் சத்தங்களைப் பதிய அவ்வளவு கருவி வேண்டாம், உங்கள் போன் போதும். துறைமுகத்துக்குள் அனுமதியில்லாமல் எதையும் பதிய வேண்டாம். திரேஸ்புரம் கரையே போதும். விடியற்காலையில் வள்ளம் இறங்கும் சத்தம், கச்சான் காற்று வீசும் ஆனி ஆடியில் தகரக் கூரை அடிக்கும் சத்தம், தோணிப் பலகை இடுக்கில் பஞ்சு வைத்துக் கொட்டாப்புளியால் அடைக்கும் சத்தம், கடல் வேலையின்போது பாடும் அம்பாப் பாட்டு தெரிந்தவர் யாராவது மிச்சமிருந்தால் அவர் குரல். ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம், நடுவில் பேசாமல். முடிவில் தேதி, நேரம், இடம், எந்தக் காற்று என்று உங்கள் குரலில் சொல்லி நிறுத்துங்கள்.

இந்தக் கரையில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961இல். அன்று இருபது வயதில் கல்லைக் கட்டி இறங்கியவர்களுக்கு இப்போது எண்பதைத் தாண்டியிருக்கும். உங்கள் தெருவிலோ பக்கத்திலோ அப்படி ஒருவர் இருந்தால், எத்தனை முத்து எடுத்தார் என்று கேட்காதீர்கள், அதை எல்லாரும் கேட்டுவிட்டார்கள். அடியில் என்ன கேட்டது என்று கேட்டுப் பதிந்து வையுங்கள். அதற்கு முன், இன்றிரவே, தாத்தா சொன்ன அந்த வடகச் சத்தத்தை அவர் சொன்ன மாதிரியே உங்கள் குரலில் ஒருமுறை பேசிப் பதிந்து மகனுக்கு அனுப்புங்கள். எனக்கும் ஒன்று அனுப்புங்கள்.